இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

தட்டில் இருந்த பெண்ணைக் காணவில்லை.

மறுபடியும் ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத் தூக்கி, இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டில் வைத்தார் கைகாட்டி. ஆண் குரல் பாடியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. அந்த இடம் வந்தது. அங்கேதான் அவள் வரவேண்டும். ஆணின் குரலுக்குக் கீழே, தண்ணீருக்கடியில் நின்று பாடுகிற மாதிரி ஒரு பெண் குரல் வந்து சேரவேண்டும். சேரவில்லை. ஆண் தனியாகவே பாடித் தனியாகவே முடித்தான்.

"வரலியா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வரல."

"வேற எங்கயாவது நல்ல வேலை கிடைச்சுப் போயிருப்பா."

கைகாட்டி சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அவளைக் கேட்கத்தான் வருகிறார்கள். அதற்காகவே வெள்ளியும் சனியும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு வேலை இரும்புக் கிடங்கில். லாரியிலிருந்து உத்திரங்களை இறக்கும்போது கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுவது. மேலே கூண்டில் இருக்கிறவருக்கு ஒன்றும் கேட்காது. கை மட்டும்தான் தெரியும். தூக்கு என்றால் தூக்குவார், இறக்கு என்றால் இறக்குவார். அந்தக் கை ஒரு தடவை பொய் சொன்னால் கீழே நிற்கிற எவனாவது நசுங்கிப் போவான். இத்தனை வருஷத்தில் அவருடைய கை பொய் சொன்னதில்லை. அதனால்தான் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோய், கைகாட்டி என்றே கூப்பிடுகிறார்கள். மனைவிகூடக் கோபத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பகல் முழுக்க இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பார். முழங்கை வரைக்கும் தேய்ப்பார். நகத்தடியில் கறுப்பு இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் இசைத்தட்டை உறையிலிருந்து உருவுவார். அதுவும் விளிம்பை மட்டும் தொட்டு. அவருடைய வாழ்க்கையில் சுத்தமான கையைக் கேட்கிற பொருள் அது ஒன்றுதான். சோற்றுக்குக்கூட அவ்வளவு கழுவமாட்டார். இதை மனைவி பல தடவை சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று கிடங்கில் கேட்பார்கள். "போன்ல பாட்டு இருக்குப்பா. ஆனா அது உன்னை உட்காரச் சொல்லாது. தட்டு சொல்லும்" என்பார். யாருக்கும் புரியாது. அவருக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியாது. தட்டு சுற்ற ஆரம்பித்தால் எழுந்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் முடிந்தால் தானே போய்த் திருப்ப வேண்டும். யாரோ ஒருவர் நமக்காக வீட்டுக்கு வந்து பாடுகிறார், நாம் பாதியில் எழுந்து போனால் மரியாதை இல்லை. அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

அந்தப் பெண்ணின் கதை வேறு. தட்டை வாங்கிய புதிதில் அவள் இல்லை. பல மாதம் போட்டுக் கேட்ட பிறகுதான் ஒரு சாயங்காலம் மெல்லத் தலைகாட்டினாள். போகப்போகத் தெளிவானாள். காது பழகப் பழகத்தான் தட்டு தன்னைத் திறந்து காட்டும் என்று கைகாட்டி புரிந்துகொண்டார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

"ஆமா, ஒரு பொம்பளை இழுக்கறா" என்று மனைவியும் ஒத்துக்கொண்டாள். அவளுடைய காது நல்ல காது. குரல்தான் சரியில்லை. அவள் தாலாட்டுப் பாடிய காலத்தில் மகள் சீக்கிரமே கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஞாயிறுதோறும் பழைய இசைத்தட்டுக் கடையில் கூடுகிற கூட்டத்தில் கைகாட்டி இந்தச் செய்தியைச் சொன்னார். கடைக்காரர் தன் அலமாரியிலிருந்து அதே தட்டை எடுத்துப் போட்டார். பெண் இல்லை. பல் டாக்டர் தன் வீட்டுப் பிரதியைக் கொண்டுவந்து போட்டார். அதிலும் இல்லை.

"அப்ப என்னோடது முதல் அச்சு. அவளும் பாடியிருக்கா. அப்புறம் ஏதோ சண்டை. அவ குரலை எடுத்துட்டு மறுபடி அச்சடிச்சிருக்காங்க. பாவம், பேருகூடப் போடல" என்றார் கைகாட்டி.

"இருக்காதுங்க" என்றார் பல் டாக்டர். ஊரில் அவரிடம்தான் தட்டுகள் அதிகம். வாயைத் திற என்று சொன்னால் எல்லோரும் திறந்து பழக்கமானதால், தான் சொன்ன பிறகு யாராவது மறுத்துப் பேச வாயைத் திறந்தால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"இருக்கு."

"தேயத் தேயத் தட்டு கெட்டுத்தான் போகும். உங்களுக்கு மட்டும் எப்படித் தெளிவாகும்?"

"டாக்டர், நான் கை காட்டினா இரும்பே இறங்குது. நீங்க நம்பமாட்டேங்கறீங்க. வந்து கேளுங்க. அவ இல்லைன்னா, என் வீட்ல இருக்கற அத்தனை தட்டையும் நீங்க எடுத்துட்டுப் போங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் கையைக் காட்டிவிட்டார். இனி இறக்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது வெள்ளிக்கிழமை. அவளைக் காணோம்.

முதலில் தூசி என்று நினைத்தார். தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம் ஊறி, பாதி எழுத்து கையோடு வந்துவிட்டது. ஈரத்தட்டில் புதுத் தூசி விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, துணியால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. மறுபடி போட்டார். நடுவில், பக்கத்து வீட்டுக் கண்டக்டரக்கா வேலை முடிந்து வந்து இரும்புக் கதவை அறைந்து சாத்தியதில் முள் ஒரு தடவை துள்ளியது. கைகாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் பாட்டை முதலிலிருந்து போட்டார்.

இரண்டாம் சரணம் முடிந்தது. அவள் வந்துவிட்டாள்.

"வந்துட்டா!" என்று கத்தினார்.

"அவளுக்கும் சேத்து சோறு வைக்கவா?" என்றாள் மனைவி.

கைகாட்டி யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஃபேன். பகலில் ஓடியது, இப்போது ஓடவில்லை. இறக்கை கிளப்புகிற காற்று அந்த மெல்லிய குரலை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அன்றிலிருந்து கூடத்தில் ஃபேன் கிடையாது என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை காலையில் ஃபேனில்லாமல், வியர்வை வழியப் போட்டுப் பார்த்தார். அவள் இல்லை.

கடைக்காரரிடம் ஓடிப்போய்ப் புது முள் வாங்கிவந்து மாட்டினார். புது முள்ளில் ஆண் குரலே ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது. பழைய முள்ளைத் திருப்பி மாட்டும்போது அதன் நுனி லேசாக வளைந்தது. அதை மகளின் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் நிமிர்த்தினார். அடுத்து, சமையலறையில் உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் மேல் கண் போனது. போய் நிறுத்தினார்.

"பால் இருக்குங்க உள்ள!"

"ஒரு நாளைக்குத்தானே?"

"நேத்து ஃபேனுக்கும் இதையேதான் சொன்னீங்க."

நிறுத்தியும் அவள் வரவில்லை. பால்தான் திரிந்தது. ஆனால் சாயங்காலம், கைகாட்டி சும்மா ஒரு தடவை போட்டபோது, இரண்டாம் சரணம் முடிந்ததும் அவள் தாராளமாக வந்து பாடினாள். முன்னைவிடச் சத்தமாகவே.

"பாத்தியா? ஃபிரிட்ஜேதான். நிறுத்தினாலும் அதோட அதிர்வு சுவத்துல ரொம்ப நேரம் நிக்குது. அது அடங்கினப்புறம் வர்றா."

"அவ்வளவு நாசூக்கானவ எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்தா?" என்றாள் மனைவி, திரிந்த பாலைக் கொட்டிக்கொண்டே.

மகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே கேட்டாள். "அப்பா, அந்தப் பொண்ணுக்குத்தான் காத்து ஆகாது. எனக்கு ஆகுமே. நான் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போகட்டுமா?"

"போ. திங்கக்கிழமை வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, மகள் இல்லை, சுவர்க்கடிகாரத்தையும் கழற்றித் துணிமூட்டைக்குள் வைத்தாகிவிட்டது. போட்டார். அவளும் இல்லை.

தரைதான் மிச்சம் என்று கைகாட்டிக்குத் தோன்றியது. கிடங்குக்குப் போய், சுமை தூக்குகிற நாலு பேரைப் பிடித்து, ஒரு கனத்த இரும்புப் பலகையைத் தூக்கிவரச் செய்தார். ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் அதைப் போட்டால் எந்த அதிர்வும் ஏறாது என்பது அவருடைய முடிவு.

"எங்கண்ணே வைக்க?" என்றான் முன்னால் பிடித்தவன். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

"இங்க. சுவத்தை ஒட்டி. மெதுவா... மெதுவா..."

கைகாட்டி பழக்கத்தில் கையைக் காட்டினார். அவர்கள் அவர் கையைப் பார்க்கவில்லை. தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை தொம்மென்று இறங்கியது. மூன்று தரைக்கல் ஒரே நேரத்தில் பிளந்தது.

மனைவி வந்து பிளந்த கல்லைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். "அந்தப் பொம்பளை வந்ததிலேர்ந்து இந்த வீடு விளங்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பலகையின் மேல் வைத்துப் போட்டார். ஆண் பாடினான். இரும்புக்கடையிலிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. பெண் வரவில்லை.

பிற்பகலில் வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மனைவி நடந்தால் செருப்பைக் கழற்றச் சொன்னார். கரண்டியைக் கீழே வைத்தால் துணியின் மேல் வைக்கச் சொன்னார்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

எல்லாவற்றையும் அடக்கியாயிற்று, இனி என்ன பாக்கி என்று சாயங்காலம் அவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு இரும்புக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கைகாட்டி துள்ளி எழுந்தார். இதுதான். இத்தனை நாளாக இவர் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறார். தொல்லை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கண்டக்டரக்கா காலையில் பஸ்ஸேறினால் சாயங்காலம்தான் வருவார். வந்ததும் கதவை அறைவார், டிவியைப் போடுவார், போனில் டெப்போக்காரர்களைத் திட்டுவார். முன்படியிலிருந்தே பின்படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றுகிற குரல். தெருவில் யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை. கைகாட்டி சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி?" அக்கா சீருடையோடு, தோளில் துண்டோடு நின்றார்.

"அக்கா, ஒரு உதவி. இன்னிக்கு எங்க வீட்டுக்குப் பாட்டுக் கேக்க ஆளுங்க வர்றாங்க. பெரிய ஆளுங்க. ஒரு மணி நேரம், உங்க வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வராம இருந்தா நல்லது."

"டிவியைத்தானே சொல்றே?"

"எல்லாத்தையும்தான்க்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கோவிச்சுக்காதீங்க. என் மானம் போற விஷயம்."

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருவே பயப்படுகிற அந்த முகம் ஏனோ சிறுத்துப்போயிருந்தது. "சரி தம்பி. உனக்குத் தொந்தரவா இருக்குன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு சத்தம் வராது, போ."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று கைகாட்டி நினைக்கவில்லை. நிம்மதியாக வந்து, கையைத் தேய்த்துக் கழுவினார்.

பல் டாக்டரும் கடைக்காரரும் காரில் வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்ததும் இருவருக்கும் வியர்த்தது.

"ஃபேன் போடலாமே" என்றார் டாக்டர்.

"அவளுக்கு ஆகாது."

"குடிக்க ஏதாவது சில்லுனு..."

"ஃபிரிட்ஜும் ஆகாது டாக்டர்."

டாக்டர் உடைந்த தரையையும், இரும்புப் பலகையையும், கடிகாரம் இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியையும் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

கைகாட்டி முள்ளை இறக்கினார். வீட்டில் அப்படி ஒரு அமைதி இதுவரை இருந்ததில்லை. தெருவில் ஒரு நாய் நடந்து போவதுகூடக் கேட்டது. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று கைகாட்டி மனதுக்குள் கும்பிட்டார்.

முதல் சரணம். இரண்டாம் சரணம். அந்த இடம் வந்தது. போனது.

"தாண்டிருச்சா?" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை போடறேன்."

இன்னொரு தடவையும் போனது. அதற்கடுத்த தடவையும் போனது. ஆணுக்கே பாடிப் பாடி அலுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நேத்துகூட வந்தாங்க" என்றாள் மனைவி, கதவோரத்திலிருந்து. கணவருக்காக அவள் அந்தப் பெண்ணுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "நானே கேட்டேன். இவரு பொய் சொல்லலைங்க."

டாக்டர் மிகவும் இதமாகப் பேசினார். "பொய்னு யாரும்மா சொன்னா? பல்லைப் பிடுங்கின பிறகும் அந்தப் பல்லு வலிக்குதுன்னு என்கிட்ட வர்றவங்க இருக்காங்க. அவங்களும் பொய் சொல்லல. பல்லுதான் இல்ல."

"இரும்புச் சத்தத்துலயே கிடக்கற காது" என்றார் கடைக்காரர், சமாதானமாக. "அதுவா ஏதாவது போட்டுக்கும்."

கைகாட்டி எழுந்தார். மச்சுப் பலகையிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"அட, என்னங்க இது! விளையாட்டுக்குச் சொன்னதை..." என்று டாக்டர் பதறினார்.

"நான் விளையாட்டுக்குக் கை காட்டினதில்ல டாக்டர்."

"ஒரு பத்து தட்டு கொடுங்க போதும்."

"அத்தனையும்னு சொன்னேன்."

"கைகாட்டி!" என்றாள் மனைவி. கோபத்தில் கூப்பிடுகிற அதே பெயர்தான், ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. "வாரா வாரம் தூசி தட்டினது நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஒண்ணாவது வச்சுக்கலாமில்ல?"

"வச்சுக்கிட்டா சொன்ன சொல்லு என்னத்துக்கு?"

டாக்டருக்கு வேண்டாமென்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பெட்டியைத் தூக்கிவருகிற அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது, மறுத்தால் அடி விழும் என்று தோன்றியது. காரின் பின்புறத்தைத் திறந்துவிட்டார். உறை கிழியாமல், ஒன்றின் மேல் ஒன்று சாயாமல், நடுவில் பழைய போர்வை மடித்துவைத்து, கைகாட்டியே அடுக்கினார். இரண்டாம் பக்கத்துப் பெண் இருந்த தட்டைக் கடைசியாக வைத்தார். கதவை மூடினார். கை சுத்தமாக இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சந்து குறுகல். காரைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே எடுக்க வேண்டும். டாக்டருக்குப் பின்னால் போகப் பயம்.

"நான் காட்டறேன். என் கையை மட்டும் பாருங்க" என்றார் கைகாட்டி.

தன் தட்டுகளைத் தானே கை காட்டி அனுப்பினார். கொஞ்சம் இடது. நேர். வரலாம். டாக்டர் கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒரு கீறல் விழவில்லை. மனைவி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

பக்கத்து வீட்டு இரும்புக் கதவு, வழக்கத்துக்கு மாறாக, மெதுவாகத் திறந்தது. கண்டக்டரக்கா எட்டிப்பார்த்தார். கையில் துண்டு கசங்கி, ஈரமாகி இருந்தது. காரைப் பார்த்ததும் தொழில் வந்துவிட்டது. "வா, வா, வா, வா... ஓல்டான்!" என்று போட்ட சத்தத்தில் டாக்டர் பிரேக்கை மிதித்தார். கார் ஜன்னலின் கண்ணாடி இறங்கியிருந்தது.

"கச்சேரி முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுதுக்கா."

"எங்க வீட்லேர்ந்து ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"ஒண்ணுமே வரலக்கா. ரொம்ப நன்றி."

அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

"நீ போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடமாயிட்ட பாட்டு தம்பி அது, ரெண்டாம் சரணம் முடிஞ்சதும் தினமும் நான் சேர்ந்துக்கிற எடம் வந்தப்போ, வாய் தானா திறந்துடப் போகுதுன்னு இந்தத் துண்டையே உள்ள திணிச்சுக்கிட்டேன்னா பாரேன்!"